ஹால் சுவரில் அடித்த ஒன்பது நிறங்கள்

சாமி,

நம் வீட்டு ஹால் சுவரில் ஒன்பது நிறம் அடித்திருக்கிறேன். எட்டுதான் இருக்கிறது என்று நீ சொல்கிறாய். எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போன மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் நாலு முறை உனக்குப் போன் செய்தேன். நாலு முறையும் "அஞ்சாம் நம்பர் அட்டகாசமா இருக்குது சாமி, தங்கத்தை உரசி வச்சாப்பல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பேச ஆரம்பித்தால் என் வாய் எனக்கு முன்னால் ஓடிப்போய் நின்றுகொள்கிறது. அதனால் எழுதுகிறேன். வாசலில் உச்சி வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பார்சல் மேல் பேர் எழுதுகிற தடித்த பேனாவால், பக்கத்துக்கு ஏழு வரி வீதம் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தானே என்று நினைத்துவிடாதே. அந்தக் காலத்து ஐந்தாவது இந்தக் காலத்து பி.ஏ.வுக்குச் சமம். என் கையெழுத்தைப் பார்த்து ஹெட்மாஸ்டரே எழுந்து நின்றார். சரி, இன்றைக்கு நிஜத்தைத்தான் எழுதுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து நின்றது நான். பெஞ்சு மேலே.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வலது கண் போய்விட்டது. இடது கண் போய்க்கொண்டிருக்கிறது. வருகிற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் எனக்கு ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள். கூட ஒரு ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். போன திங்கட்கிழமையும் வைத்திருந்தார்கள், நான் போகவில்லை. இந்தத் திங்களையும் விட்டுவிட்டால், ஆவணியில் பிருந்தா கழுத்தில் நீ தாலி கட்டும்போது மேளச் சத்தத்தை வைத்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். உன் அம்மாவுக்கு இது தெரியாது. உனக்கும் இந்த வரி வரைக்கும் தெரியாது.

எல்லாம் அந்தச் சுண்ணாம்பில் ஆரம்பித்தது. பிருந்தா அதை லைம் வாஷ் என்கிறாள். போனில் அவள் காட்டிய படத்தில் சுவர் மேகம் போல இருந்தது, ஒரு பக்கம் அடர்த்தி, ஒரு பக்கம் மெல்லிசு. "மாமா, நம்ம ஊட்டு ஹால் இப்பிடி இருந்தா நல்லா இருக்குமில்லீங்களா?" என்று கேட்டாள். கல்யாணத்துக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம்தானே, அதை வருகிற பெண்ணின் இஷ்டத்துக்கே அடிப்போம் என்றேன். நீ ஓசூரிலிருந்து ஒன்பது பொட்டலம் கலர் பவுடர் அனுப்பினாய். கூடவே எனக்குப் பாடமும் அனுப்பினாய். ஒரு முழச் சதுரத்துக்கு ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும், ஒரு நாள் காயவிட்டு இன்னொரு கை அடிக்க வேண்டும், காலையிலும் சாயங்காலமும் பார்த்துப் போட்டோ எடுக்க வேண்டும். அதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் வந்தது. இந்த ஜலகண்டாபுரம் பக்கம் எத்தனை சுவரை நான் பார்த்தவன்! போர் போடுகிற ரிக் லாரி ஓட்டிக்கொண்டு ஆந்திரா, ஒடிசா என்று போன இடமெல்லாம் ஒரு கோயிலுக்காவது வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவேன். போபால் பக்கம் நான் அடித்த சுவரைப் பார்த்து ஒரு கலெக்டர் காரை நிறுத்தினார். (அவர் வழி கேட்கத்தான் நிறுத்தினார். ஆனால் நிறுத்தினார்.)

ரெடியாக விற்கிற சுண்ணாம்பை வாங்கியிருக்கலாம். எனக்கு அது கௌரவக் குறைச்சல். சங்ககிரிப் பக்கமிருந்து கல் சுண்ணாம்பு மூட்டை கொண்டுவந்து, கொல்லையில் டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். சுண்ணாம்பு கொதிக்கும்போது குனிந்து பார்க்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். குனிந்து பார்த்தேன். ஒரு குமிழி வெடித்து வலது கண்ணுக்குள் போனது. உடனே குழாயடியில் கண்ணைத் திறந்து வைத்து அரை மணி நேரம் கழுவியிருக்க வேண்டும் என்று பிறகு டாக்டர் அம்மா சொன்னார். நான் துண்டால் துடைத்துவிட்டு, என்ன ஆச்சு என்று ஓடிவந்த உன் அம்மாவிடம், "குளவி கொட்டிருச்சு, போய் வேலையப் பாரு" என்றேன். அன்றைக்கு அவள் மஞ்சளை அரைத்துக்கொண்டு என் பின்னாலேயே சுற்றினாள். நான் அவளைக் கிட்டவே விடவில்லை.

அப்புறம்தான் சதுரங்களை அடித்தேன். பென்சிலால் கீழே நம்பர் போட்டு, ஜன்னலிலிருந்து வரிசையாக. ஒவ்வொன்றும் அடித்தபோது ஈரத்தில் ஏதோ ஒரு நிழல் தெரிந்தது. காய்ந்ததும் எல்லாம் சுவரோடு சுவராகப் போய்விட்டது. சுண்ணாம்பு காய்ந்தால் வெளுக்கும் என்பதுதான் எனக்குத் தெரியுமே, அதனால் மனதைத் தேற்றிக்கொண்டேன். நீ போட்டோவைப் பார்த்துவிட்டு, "அப்பா, எட்டுதான் இருக்குது. ஆறாவதக் காணோமே?" என்றாய். "அது கதவுக்குப் பின்னால இருக்குது சாமி, போட்டோல வராது" என்றேன். கதவுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஆறாவது சதுரத்தின் மேலேயே ஏழாவதையும் அடித்திருக்கிறேன். அடித்த இடம் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அந்தச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தேன், எங்கேயாவது மேடு தட்டுமா என்று.

என் திருட்டைக் கண்டுபிடித்தது செவ்வாய்ப்பேட்டை சையது பாய். மரியாதை செய்வதற்குத் துண்டு எடுக்க அவர் ஜவுளிக் கடைக்குப் போயிருந்தேன். உனக்குத்தான் தெரியுமே, என்னைப் பார்த்தாலே அவருக்கு நாக்கு அரிக்கும்.

"வாங்க மாமோய், சம்பந்தியெல்லாம் பெரிய இடமாமே, இனி எங்க கடையெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?"

"பேச்சக் கொறைங்க பாய். இந்தச் சந்தனக் கலர்ல இருபத்தஞ்சு துண்டு கட்டுங்க."

"எதுல?"

"கையில வச்சிருக்கேனே, இதுலதானுங்க."

"மாமா, அது ரோஸு."

"உங்க கடை வெளக்குல அப்பிடித் தெரியுதுங்க."

"முப்பது வருசமா எனக்கு இதே வெளக்குதான்." அவர் சிரிக்கவில்லை. இன்னொரு துண்டை விரித்தார். "இது?"

"வெள்ளை."

"இது?"

"அதும் வெள்ளைதான். ஒரே துண்ட எத்தன தடவ காட்டுவீங்க?"

அவர் காட்டியது மூன்று துண்டு. மூன்றையும் மடித்து வைத்தார். கல்லாவைப் பூட்டி, என் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி, நேராக ஃபேர்லேண்ட்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் நான் ஒடிசாக் கதை சொல்லிக்கொண்டே போனேன். அந்த மனிதர் ஒரு வார்த்தைகூடக் கிண்டல் செய்யவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

டாக்டர் அம்மா சின்ன வயது. இமையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, கண்ணுல என்ன பட்டுச்சு?" என்றார். "குளவிங்க" என்றேன். "குளவி சுண்ணாம்பு பூசிக்கிட்டு வந்து கொட்டுச்சுங்களா?" என்றார். இமைக்கு அடியில் இன்னும் துகள் இருந்திருக்கிறது. வலது கண்ணின் கருவிழி வெந்துபோயிருக்கிறது, அதற்கு என்ன செய்யலாம் என்று பிறகு பார்க்கலாம், ஆனால் தன் பயமெல்லாம் இடது கண்ணைப் பற்றித்தான் என்றார். அதில் பிரஷர் ஏறி, வலியே இல்லாமல், பல வருஷமாக நரம்பைத் தின்றுகொண்டு வந்திருக்கிறதாம். வலது கண் நன்றாக இருந்தவரை எனக்கு அது தெரியவில்லை. "போன பார்வை திரும்பாதுங்க ஐயா. ஆபரேஷன் பண்ணி மிச்சத்தைக் காப்பாத்தலாம். நாள் கடத்தாதீங்க" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அதை ஒளிந்து ஒளிந்து நானே ஊற்றிக்கொள்கிறேன். பாதி கன்னத்தில்தான் விழுகிறது. கன்னத்தில் ஏதாவது வியாதி இருந்திருந்தால் இந்நேரம் குணமாகியிருக்கும்.

அப்புறம் ஏன் போன திங்கட்கிழமை போகவில்லை என்று நீ கேட்பாய். நிச்சயதார்த்தத்தில் பிருந்தாவின் அப்பாவிடம் நான் பேசியது உனக்கு ஞாபகம் இருக்கும். "ரெண்டு கிலோமீட்டருக்கு அந்தாண்ட வர்ற லாரி நம்பரப் படிச்சுருவேனுங்க. உங்க பொண்ண நானே கார் ஓட்டி ஊட்டுக்குக் கூட்டியாந்துருவேன், நீங்க கவலைப்படாதீங்க" என்றேன். அந்த மனிதர் நம்பி, தலையை ஆட்டி, பக்கத்தில் இருந்தவர்களிடமும் சொன்னார். இப்போது போய் எனக்குக் கண் தெரியாது என்றால் முதல் பேச்சே பொய் என்று ஆகிவிடும். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் அப்பன் ஆஸ்பத்திரியில் படுத்தான் என்று சகுனம் பார்க்கிறவர்கள் நாலு பேர் கிளம்புவார்கள். கல்யாணம் முடியட்டும், அதுவரை சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பாய் தினமும் போன் செய்து, "சொல்லிட்டீங்களா மாமா?" என்று கேட்கிறார். "சொல்லியாச்சுங்க, பையன் அழுதுட்டான்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்கும் பொய்.

இரண்டு நாளைக்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். ஆபரேஷனுக்கு அடுத்த புதன்கிழமை பெயிண்டர் வரப்போகிறார், எந்த நம்பர் என்று கையைக் காட்டியாக வேண்டும். அதனால் உன் அம்மாவைச் சுவருக்கு முன்னால் கூப்பிட்டேன்.

"சரசு, இதுல எது நல்லாருக்குது?"

"எனக்கென்னங்க தெரியும். நீங்க பாத்தா சரிதானுங்க."

"நீயும் ஒண்ணு சொல்லு."

"எதா இருந்தா என்னங்க."

"அட, ஊட்டுல இருக்கப்போறவ நீதான? சும்மா சொல்லு."

"நாஞ் சொல்லி, நாளைக்கு யாரு முதுகுலயாவது ஒட்டுச்சுன்னா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சாமி, இது உனக்குப் புரியாது. உன் காது குத்துக்கு நடந்தது. நீ மாமன் மடியில் அழுதுகொண்டிருந்தாய். அந்த விசேஷத்துக்கு ஹாலுக்குப் பச்சை அடிக்கலாம் என்று டிரம் நிறையச் சுண்ணாம்பு கரைத்து வைத்திருந்தேன். உன் அம்மா ஒரு செம்பில் கொஞ்சம் எடுத்து, ஸ்பூன் கணக்கில் பச்சைப் பொடி கலக்கி, கொஞ்சம் பசையும் சேர்த்து, சுவர் மூலையில் ஒரு கையகலம் தடவினாள். "காயட்டுங்க, நாளைக்குப் பாத்துட்டு மொத்தமா அடிக்கலாம்" என்றாள். எனக்கே சோதனையா என்று நான் அன்றைக்கே டிரம்மில் பொடியைக் கொட்டி, ஈரத்தில் வாழையிலை மாதிரி வந்ததும் நாலு சுவரையும் அடித்து முடித்தேன். விடிந்து பார்த்தால் வெளிறிப்போய்க் கிடந்தது. விசேஷத்துக்கு ஒரே நாள்தான் இருந்தது. இருந்த பொடியை எல்லாம் கொட்டி இன்னொரு கை அடித்தேன். சுண்ணாம்பு ஓரளவு பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும். மிச்சம் சுவரின் மேல் மாவு போல நிற்கும். நிறம் வாழையிலையாகத்தான் இருந்தது. சுவரில் சாய்ந்தவர்கள் முதுகும் வாழையிலையாகிவிட்டது. உன் பெரிய மாமனின் பட்டுச் சட்டை, பந்தியில் பரிமாறினவர்கள், ஜலகண்டாபுரம் பஸ்ஸில் ஏறின பதினேழு பேர், எல்லோர் முதுகும் பச்சை. கண்டக்டர் பார்த்துவிட்டு எந்தக் கட்சி மாநாடு என்று கேட்டாராம். பதினேழு என்பது நான் சொல்லிச் சொல்லி வளர்ந்த கணக்கு. ஆறேழு பேர் இருப்பார்கள்.

இந்தக் கதையை நான் இத்தனை வருஷம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு இடத்தை மட்டும் விட்டுவிடுவேன். அன்றைக்கு உன் பெரிய மாமன், "யாரு மாப்ள நெறம் பாத்தது?" என்று கேட்டார். நான், "எல்லாம் உங்க தங்கச்சிதானுங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன், கேட்டாத்தான?" என்றேன். உன் அம்மா காபித் தட்டோடு அங்கேயே நின்றிருந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மூலையில் அவள் தடவிய கையகலம் மட்டும், நான் அதன் மேல் அடிக்க மறந்துபோன இடம், இளந்தளிர் மாதிரி அப்படியே இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே தேய்த்துப் பார்த்தேன். விரலில் ஒட்டவில்லை. அடுத்த நாள் முதல் வேலையாக அதன் மேல் வெள்ளை அடித்தேன்.

அதற்குப் பிறகு அவள் எந்த நிறத்தையும் சொன்னதில்லை. சேலைக் கடையில் "எதா இருந்தா என்னங்க, எடுத்துக் குடுங்க" என்பாள். என் சம்சாரத்துக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை என்று கடைக்காரர்களிடம் பெருமை அடித்திருக்கிறேன். நானும் அதை நம்பினேன். இருபத்திரண்டு வருஷம் நான் எடுத்துக் கொடுத்த நிறத்தையெல்லாம் அவள் உடுத்தினாள். இப்போது எனக்குப் பார்க்க ஒரு கண் வேண்டும். அவள் கண் என் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அவள் சொல்ல மாட்டாள். அவளை நான்தான் அப்படிப் பழக்கினேன்.

நீ குடித்தனம் நடத்தப்போகிறாய், அதனால் இதைச் சொல்கிறேன். நீ போனில் சொன்ன பாடம் அத்தனையும் சரி. சுண்ணாம்பு நிறத்தை அட்டையிலோ பலகையிலோ அடித்துப் பார்த்தால் பொய் சொல்லும், எந்தச் சுவரோ அந்தச் சுவரிலேயே அடிக்க வேண்டும். அடிக்கிறதுக்கு முன்னால் சுவரை நனைக்க வேண்டும். பழைய பூச்சு ஒரு மாதிரி குடிக்கும், புதுசாகச் சிமெண்ட் ஒட்டுப் போட்ட இடம் வேறு மாதிரி குடிக்கும், ரெண்டிலும் தடவிப் பார்க்க வேண்டும். எத்தனை சுண்ணாம்புக்கு எத்தனை ஸ்பூன் பொடி என்று எழுதி வை. கண்ணளவு, கையளவு என்கிறவனை நம்பாதே, அவன் உன் அப்பனாக இருந்தாலும். ஒவ்வொரு முறை முக்கும்போதும் கலக்கு, பொடி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். காய்ந்த பிறகு விரலால் தேய்த்துப் பார். நம் ஹாலுக்கு மேற்கு வெயில் வரும், காலையில் சாம்பலாக இருப்பது சாயங்காலம் பழுத்துத் தெரியும், அதனால் ரெண்டு வேளையும் பார்க்க வேண்டும். பிருந்தாவும் பார்க்கட்டும். அவள் ஒரு நிறம் சொல்லி, நீங்கள் அடித்து, அது வருகிறவர்கள் முதுகில் எல்லாம் ஒட்டினாலும், யார் பார்த்தது என்று எவன் கேட்டாலும், நான்தான் என்று சொல். உன் அம்மாவுக்காக அன்றைக்கு நான் சொல்லாமல் விட்ட வார்த்தை அது.

இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்காதே. பிருந்தாவுக்குப் படித்துக் காட்டு. அவள் அப்பாவுக்கும் காட்டு. கார் ஓட்ட முடியாது, லாரி நம்பர் விஷயம் கொஞ்சம் மிகைதான் என்று சொல். சகுனம் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். கொதிக்கிற சுண்ணாம்பு டிரம் பக்கம் நிற்கிற எந்த மனுஷனாவது இதைப் படித்தாலும் நல்லதுதான். உன் அம்மாவிடம் மட்டும் நீ சொல்லாதே. அதை நான் சொல்ல வேண்டும். நேற்று அடுப்படி வரைக்கும் போய்விட்டேன். "என்னங்க?" என்றாள். "சட்னிக்கு உப்புப் பத்தல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அவள் இன்னும் சட்னியே அரைக்கவில்லை. தனியாக என்னால் முடியவில்லை, சாமி. நீ பக்கத்தில் நின்றால் சொல்லிவிடுவேன். புதன்கிழமைக்குள் சொல்லிவிட்டால், அவள் பெயிண்டருக்கு ஒரு நம்பரைக் காட்டினாலும் காட்டுவாள். காட்டாவிட்டாலும் பரவாயில்லை, சுவர் அப்படியே கிடக்கட்டும்.

லீவு கேட்டுப் பார், கொடுக்காவிட்டால் சொல்லாமல் கிளம்பிவிடு. உன்னிடம் நான் இதுவரைக்கும் எதையும் கேட்டதில்லை என்று எழுத வந்தேன். ஏகப்பட்டது கேட்டிருக்கிறேன், அதையெல்லாம் கேட்காததாக வைத்துக்கொண்டு இந்த ஒன்றை மட்டும் செய். ராத்திரியெல்லாம் இடது கண்ணை மூடி மூடித் திறந்து, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ வந்துவிட வேண்டும். காலை ஆறு மணியிலிருந்து ஜலகண்டாபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். போர்டு படிக்க முடியாததால் சேலத்திலிருந்து வருகிற பஸ் எது என்று எனக்குத் தெரியாது, எல்லாப் பஸ்ஸுக்கும் எழுந்து நிற்பேன். நீ இறங்கியதும் வழக்கம் போலத் தூரத்தில் நின்று கையை ஆட்டாதே. கிட்ட வந்து, அப்பா என்று கூப்பிடு.